உப்பு மேடு

பனி ஒன்பது மணிக்கு என்றார்கள்.
பதினொன்றாகியும் வரவில்லை.
பஃபலோ நகராட்சியின் உப்புக் கிடங்கில்
ஏழு பனிவாரி வண்டிகள்
சுவரைப் பார்த்து நிற்கின்றன, தண்டனை வாங்கிய பிள்ளைகளாக.
சும்மா இருக்கும் இரவுக்கும் கூலி உண்டு.
ஆகவே சண்டை:
இதுவரை பிறந்த பிட்சர்களில் பெரியவன் யார்?

காஸிமிர் துதெக், ஆர்லோ ஃபென்ட்ரெஸ் கட்சி.
"ஒரு பருவத்தில் நாற்பது ஆட்டம் தொடங்கினான்,
முப்பத்தாறை அவனே முடித்தான்.
இப்போ இருக்கிறவனுங்க
தொண்ணூறு பந்து போட்டதும்
தோளைப் பஞ்சில் வைத்துத் தூக்கிப் போகணும்."

ரமோனா தெஹேதா காப்பியைக் கீழே வைத்தாள்.
"உன் ஃபென்ட்ரெஸ் பந்தில் எச்சில் துப்பினான்.
அன்றைக்கு அது சட்டம், சரி.
அவன் எதிரில் மட்டை பிடித்தவர்களில்
என் நிறத்தில் ஒருவன் உண்டா?
பாதி உலகத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே நானே நெட்டையன் என்றால்
யார் அளந்தது?"

அவள் கட்சி யாதியேல் பெர்தோமோ.
நூற்று இரண்டு மைல் வேகம். போன வாரம்கூட வீசினான்.
"ஆறு ஓவர்கூட நிற்க மாட்டான்" என்று
யாரோ கிரிக்கெட் கணக்கில் உளறியது நான்தான்.
இன்னிங்ஸ் என்று திருத்தினார்கள், மூன்று பேரும் சேர்ந்து.
அன்றிரவு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்.

டெரன்ஸ் கோஃபீல்டுக்கு எஸ்ரா ப்ரூயிட்.
கறுப்பர் லீகில், ஒரே ஞாயிறில்
பதினெட்டுப் பேரை மட்டையோடு திருப்பி அனுப்பினானாம்.
"எங்கே எழுதியிருக்கு?"
"எழுதிய பேப்பரில் மீன் கட்டிக் கொடுத்துட்டான்."
துதெக் சிரித்தான்.
டெரன்ஸ் சிரிக்கவில்லை.

பிறகு மேட்டுப் பிரச்சினை.
அறுபத்தொன்பதில் பிட்சரின் மேட்டை
ஐந்து அங்குலம் இறக்கினார்களே,
அந்த ஐந்தை யார் கணக்கில் எழுதுவது?
துதெக் மண்வெட்டியை எடுத்தான்.
தரையில் உப்பைக் குவித்தான், பதினைந்து அங்குலம்,
டேப் வைத்து அளந்தான்,
ஏறி நின்று கையைச் சுழற்றினான்.
ரமோனா உச்சியைச் சீவிப் பத்தாக்கினாள்.
அவளும் ஏறினாள்.
முட்டி நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.

நான்காம் வண்டியின் அடியிலிருந்து
ஒரு ஜோடி பூட்ஸ் பேசியது.
"நான் ஒரு பெரிய லீக்காரன் பந்துக்கு நின்றிருக்கிறேன்."

மெக்கானிக் நீல் ஹால்வர்சன்.
பதினோரு வருஷமாக எங்களோடு இருக்கிறான்.
இதைச் சொன்னதில்லை.

"எண்பத்தெட்டு, மார்ச். பயிற்சி ஆட்டம்.
எனக்கு இருபது வயசு. கார்வின் ஹேல்ஸி வீசினான்.
அவனுக்கு நாற்பத்தொன்று,
கை போச்சு என்று எல்லாரும் சொன்ன வருஷம்.
முதல் பந்து பார்த்தேன்.
இரண்டாவதற்கு மட்டையை ஆட்டினேன்.
மூன்றாவது, பார்க்கவில்லை. கேட்டேன்."

"கேட்டேன்னா?"

"கையுறையில் விழுந்த சத்தம்.
அதுக்கு முன்னாடி அவன் கொட்டாவி விட்டான்.
அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு."

ரமோனா ஃபோனில் தேடினாள்.
வெற்றி தொண்ணூற்று நான்கு,
தோல்வி தொண்ணூற்றேழு.
பெரிய நூறு பேர் பட்டியலை இரண்டு தடவை உருட்டினாள்.
ஹேல்ஸி இல்லை.

யாரும் எதுவும் பேசவில்லை.
ஸ்பேனர் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு ஏரிப் பக்கமிருந்து
ஒரேயடியாக இறங்கியது பனி.
லோடர் என் பொறுப்பு.
வாளியில் முதலில் அள்ளியது அந்த மேட்டைத்தான்,
இரண்டு ஜோடிக் கால் தடத்தோடு.
துதெக்கின் வண்டியில் கொட்டினேன்.

செனகா தெரு முழுக்க அதைத் தூவிக்கொண்டே போனான்.
இரைச்சலுக்கு நடுவே ரேடியோவில் அவன் குரல்:
"முப்பத்தாறு, ரமோனா. தொடங்கி, முடித்து, அவனே—"
லைனை விடு என்று கட்டுப்பாட்டு அறை திட்டியது.
விடவில்லை.