ஷட்டரைப் பாதி இறக்கிய பின்

ஆறு மணிக்கு மேல் யாரும் வெளியே வரக் கூடாதென்று
ஒலிபெருக்கி கட்டிய ஜீப் சொல்லிக்கொண்டே போனது.
மருந்துக் கடைக்கு விலக்கு உண்டு.
ஆனாலும் முதலாளி பாட்டியா போனில் சொன்னார்:
ஷட்டரைப் பாதி இறக்கிவை அஞ்சலி,
திறந்திருப்பது தெரியணும்,
கண்ணில் படவும் கூடாது.

என் பெயர் அஞ்சலை.
அஞ்சவில்லை என்று அர்த்தமென
ஒருமுறை அவரிடம் கதைவிட்டேன்.
பதினோரு வருடமாக அஞ்சலிதான்.
இந்த வாரம் நான் திருத்தவில்லை.

ஆக, செவ்வாயிலிருந்து மயூர் விஹார்
எனக்கு இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறது.
செருப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறேன்.
நீல வார் ரப்பர் செருப்பு
பால் பூத் மிஷ்ராவின் மனைவி.
ஜெலுசில் கேட்பாள். இது மூன்றாவது பாட்டில்.
வயிற்றுக்குள் என்னவோ பண்ணுகிறதாம்.
அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது அக்கா,
வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்போம்
என்று இந்தியில் சொல்லிப் பார்த்தேன்.
"புளியா? நான் தொடவே இல்லையே!" என்றாள்.
சிரித்துவிட்டோம்.
சத்தம் கூடிப்போனதோ என்று
இருவரும் தெருவைப் பார்த்தோம்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் லகேரா
குனிந்து உள்ளே வந்து
ஒரு மாத்திரையின் பெயர் சொல்வதுபோலக் கேட்டார்:
"செய்தி பார்க்காமல் இருக்க ஏதாவது இருக்கிறதா?"
இன்டர்நெட்டே இல்லையே சார்.
"அதுதான். போனில் சுற்றுகிற வட்டத்தையே
விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

தூக்க மாத்திரைக்குச் சீட்டு வேண்டும்.
சீட்டெழுதும் டாக்டர் வருகிற பாலத்தை
அடைத்து வைத்திருக்கிறார்கள்.
உட்காருங்கள், பிரஷர் பார்க்கலாம் என்றேன்.
பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்க அமுக்க
அவர் கையை அது இறுக்கிப் பிடித்தது.
பிடித்தபடி சற்று நின்று
மெல்ல மெல்ல விட்டது.
நூற்று அறுபது என்றேன்.
அவர் எண்ணைக் கேட்கவில்லை.
"இன்னொரு தடவை" என்றார்.

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள்.
அதற்கடுத்த நாள் இருபத்திரண்டு.
யாரும் காசு கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழுப்பு பூட்ஸும் வந்தது.
குல்தீப் என்று சட்டையில் எழுதியிருந்தது.
லத்தியை குளுக்கோஸ் டப்பாக்கள்மேல் சாய்த்துவிட்டு
கையை நீட்டினான்.
அது யார் முதுகில் பட்டதென்று நான் கேட்கவில்லை.
பம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே அமுக்கினேன்.
வாயைத் திறக்கவில்லை அவன்.
நூற்று எழுபத்தெட்டு.
"தூங்கி நாலு நாளாகிறது அக்கா."
அக்கா என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பது மணிக்குமேல் ஒருவரும் வருவதில்லை.
பாரசிட்டமால் அட்டைகளை எண்ணுகிறேன்.
ஐந்து, ஆறு, ஏழு.
எட்டாவது அட்டையில் எண்ணம் வேறாகிவிடுகிறது.
எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன்.
மேல் தட்டில் இன்சுலின் பெட்டி ஒன்று,
அதன்மேல் என் கையெழுத்து:
ஷாயிஸ்தா, வியாழன்.

சந்துக்குள் ஃபால்ஸ் தைக்கிறவள்.
எப்போதும் வியாழன் பதினொரு மணிக்கு,
வெள்ளிக் கண்ணி வைத்த செருப்பு,
இடது காலில் ஒரு கண்ணி இல்லை.
இன்று சனி.
போன் போகவில்லை. அந்தச் சந்துமுனையில்
கம்பித் தடுப்பு நிற்கிறது.
ஃப்ரிட்ஜை மூடுகிறேன். திறக்கிறேன்.
ஏழு டிகிரி. நல்லது.
இதை நான் பார்த்துக்கொள்ள முடியும்.
ஏழு டிகிரியை.

கிளம்புமுன் பட்டையை என் கையிலேயே கட்டினேன்.
ஒற்றைக் கையால் கட்டுவது சிரமம்,
பல்லால் ஒரு நுனியைக் கவ்வ வேண்டும்.
இறுக்கியது. பிடித்தது.
விட மனமில்லாமல் கொஞ்ச நேரம்
விரல் மரத்துப்போகும்வரை வைத்திருந்தேன்.
என் எண்ணைச் சொல்ல மாட்டேன்.

பிறகு பேனாவைத் தேடி எடுத்து
வியாழனை அடித்துவிட்டு
ஞாயிறு என்று எழுதினேன்.