வழித்துணை தேவை

மார்ச் முடியவில்லை. சாலையில் இன்னும் உப்பு.
ராடோமிரின் பட்டறைச் சுவரில்
டயர் கம்பெனி காலண்டருக்கும்
காணாமல்போன பழுப்பு நாய்க்கும் நடுவே
ஒரு தாளைக் குத்திவைத்தேன்:

ஜூன் மாதம். ஆறு வாரம்.
வூட்ஜ் நகரிலிருந்து ஜார்ஜியாவின் மலைகள் வரை,
அங்கிருந்து திரும்பியும்.
நெடுஞ்சாலை வேண்டாம். கூடாரம் உண்டு.
ஒருவர் வரலாம், மிஞ்சினால் இருவர்.
இப்படிக்கு போகுமில், டிராம் ஓட்டுநர், வயது ஐம்பத்தொன்று.

"குறட்டையைப் பற்றி எழுதவில்லையே" என்றான் ராடோமிர்
ஸ்பார்க் பிளக்கை ஊதிக்கொண்டே.

இருபத்திரண்டு வருடம் தண்டவாளத்தில் போனவன் நான்.
டிராமில் வளைவை நான் எடுப்பதில்லை,
வளைவுதான் என்னை எடுத்துக்கொள்கிறது.

முதலில் வந்தவர் பல் மருத்துவர்.
என் குடியிருப்பின் பாதி விலை அவருடைய பைக்.
ஒவ்வொரு இரவும் எங்கே தூங்குவோம் என்று
கட்டம் போட்ட தாளில் எழுதிவந்திருந்தார்.
பதினேழாம் நாள், மாலை ஆறரை, ட்ராப்சோன், மீன்.
எனக்கு டெப்போவின் வேலை அட்டவணை ஞாபகம் வந்தது.
நல்ல மனிதர்.
என் கடைவாய்ப் பல்லை இலவசமாய்ப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து கிராட்சியான், இருபத்து மூன்று வயது.
துணையா தேடினான் அவன்? சாட்சி தேடினான்.
ஒரே நாளில் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியதை
மூன்று முறை சொன்னான்.
"வழியில் என்ன பார்த்தாய்?"
"மீட்டரை."
சிரித்துக்கொண்டே சொன்னதால்
அரை மனதோடு பெயரைக் குறித்துக்கொண்டேன்.

தொலைபேசியில் ஒருவர்
விவாகரத்தை ஒரு மணி நேரம் விவரித்தார்,
ஜூன் என்று நான் சொன்னதும் வைத்துவிட்டார்.

ஹால்ஷ்கா ஞாயிறு காலை வந்தாள்.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்,
ஒரு புருவத்தில் மட்டும் மாவு.
இருநூற்றைம்பது சிசி வண்டி, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிய பெட்டி.
தேநீரில் எலுமிச்சையைப் பிழிந்தாள், சக்கையையும் தின்றாள்.
கேள்விகளை நான் தயாராய் வைத்திருந்தேன்.
அவள்தான் கேட்டாள்.

"ஓடி வருகிறவரைப் பார்த்தும்
கதவை மூடியிருக்கிறீர்களா?"

எதிரே பழைய பஞ்சாலையின் செங்கல்லில் மழை.
மேசைத் துணியில் ஒரு பொத்தல். அதைப் பார்த்தேன்.

"மூடியிருக்கிறேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.
நாலு நிமிடம் தாமதித்தால்
கடிதம் எழுதித் தர வேண்டும்."

"பன்னிரண்டாம் தடம். போன பிப்ரவரி" என்றாள்.
"என் கையில் கேக் இருந்தது."

"யாருக்கு?"

"அது இப்போது எதற்கு.
மற்றவர்களிடமும் கேட்டேன், வேறு பயணத்துக்கு ஆள் தேடியவர்களிடம்.
உயிர் போனாலும் நிற்பேன் என்றார்கள், எல்லோரும்."
மீதித் தேநீரைக் குடித்துவிட்டு
"ஏப்ரலில் ஓட்டிப் பார்ப்போம்" என்றாள்.

ஓட்டிப் பார்த்தோம், மூவரும், தெற்கே, மலைகளின் பக்கம்.
மதியத்துக்குமேல் பிடித்தது மழை.
கிராட்சியான் முன்னால் புள்ளியாகி, அதுவும் அழிந்தான்.
பின்கண்ணாடியில் அவளுடைய மஞ்சள் விளக்கு
இருந்தது, இருந்தது,
இல்லை.

வயல் நடுவே ஒரு பேருந்து நிழற்குடை.
நிறுத்தினேன். கையுறையைப் பிழிந்தேன்.
மூன்று நிமிடம். நான்கு.
வலது கட்டைவிரல் தானாகவே
இல்லாத பொத்தானைத் தேடியது.
ஏழு. இதற்குள் திரும்பிப் போயிருக்க வேண்டுமோ?
பதினொன்றில் மேட்டின் மேல் ஒரு மஞ்சள்.

"செயின் கழன்றது" என்றாள்.
நன்றி சொல்லவில்லை.
மேல்சட்டைக்குள்ளிருந்து கம்பு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்,
உடம்புச் சூட்டோடு இருந்தது.

பாதி தின்றபோது கிராட்சியான்
எதிர்ப்பக்கமிருந்து கத்திக்கொண்டே வந்தான்:
நாற்பது கிலோமீட்டர், நாற்பது, உங்களுக்காகத் திரும்பி வந்தேன்,
வழியில் ஒரு மின்கம்பத்தின் மேல்
கொக்குக் கூடு, இவ்வளவு பெரியது!

"அது நாரை" என்றாள் ஹால்ஷ்கா.
"கொக்கு."
"கொக்கு கம்பத்தில் கூடு கட்டாது."
ஜார்ஜியா வரை
இதுவே போதும் போலிருக்கிறது.