ஒழுங்கை முடிவில் ஒரு கீற்று

வெள்ளவத்தையில் ஏற்றிப் பம்பலப்பிட்டியில் இறக்குவேன்.
பதினொரு இருக்கை, பதினான்கு பிள்ளைகள்.
காலி வீதியின் இடப்பக்கம்
ஒவ்வொரு ஒழுங்கையும் முடிகிற இடத்தில்
ஒரு கீற்றுக் கடல் தெரியும், உடனே போய்விடும்.
"இன்றைக்கு என்ன நிறம்?" என்று கேட்பேன்.
சண்டை பிடிக்காமல் வரட்டுமே என்று தொடங்கிய கேள்வி.

அந்த வருடம் யதுர்ஷனுக்கு ஐந்து.
இரவெல்லாம் மழை. கால்வாய் மண்ணை அள்ளிக்
கடலில் கொட்டியிருந்தது.
பதின்மூன்று வாய்கள் "நீலம்" என்றன.
வர்ணப் பெட்டியிலும் கடல் நீலம்தானே.
இவன் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப்
"பழுப்பு" என்றான். "தேத்தண்ணி மாதிரி."
சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்,
எதற்கென்று தெரியாமல்.
அதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன்.
அடுத்தவன் பார்க்கிறான் என்பது
அவனுக்கு இன்னும் முளைக்காத பல்.

எட்டு வயதில் முளைத்திருந்தது.
கேட்டதும் கடலைப் பார்க்கவில்லை,
ருஷ்தியின் முகத்தைப் பார்த்தான்,
பிறகு டெரன்சின் முகத்தை.
"நீலம்."
ஆனால் இறங்கும்போது, பையை எடுத்துக் கொடுத்த என் காதருகே
"அங்கிள், பழுப்புத்தான்" என்றான்,
கைமாற்றுக் காசைத் திருப்பித் தருகிறவன் போல.

பிறகு வந்தது சப்பாத்துக் கயிறு வருடம்.
யார் தொடக்கியதோ தெரியாது.
திங்கட்கிழமை ஒன்பது பேர் கயிறு கட்டாமல் வந்தார்கள்.
புதன்கிழமை பதினான்கு.
தாய் கேற்றடியில் குனிந்து கட்டிவிடுவாள்,
அடுத்த சந்திக்குள் அவன் அவிழ்த்துவிடுவான்.
ஒருநாள் படியில் தடுக்கி விழுந்தான்.
எழும்பி, முழங்கால் இரத்தத்தைப் பார்க்காமல்,
கயிறு அவிழ்ந்துதான் கிடக்கிறதா என்று பார்த்தான்.
பன்னிரண்டு வயது.
அந்த வருடம் இடியப்பப் பெட்டி திறக்காமலே திரும்பி வந்தது.
எல்லோரும் இறங்கிய பிறகு
கடைசி இருக்கையில் இருந்து தின்பான், சம்பல் புளித்திருக்கும்.
கடலா? நான் கேட்டு முடிக்குமுன்னே "நீலம்."
இறங்கும்போது ஒன்றும் இல்லை.
எனக்குச் சொல்லாதது பரவாயில்லை.
தனக்காவது சொல்லிக்கொண்டானோ என்னவோ.

நான் மட்டும் என்ன பெரிய ஆளா?
ஒரு காலம், சோதனைச் சாவடி வரிசையில்,
முன்னால் நின்றவன் எவ்வளவு பல் காட்டினானோ
அவ்வளவு பல்தான் நானும் காட்டினேன்.

போன மாதம். இப்போது பதினேழு, அரும்பு மீசை,
முன் இருக்கையில் என் பக்கத்தில், காதில் வயர்.
இரவு மழை பெய்திருந்தது. கேட்டேன்.
பின்னால் நீலம், நீலம், நீலம்.
நடுவில் அரிவரிப் பிள்ளை மிதுஷா: "இல்லை, பழுப்பு."
சிரிப்பு எழும்பியது.
அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஒரு காது வயரை மட்டும் கழற்றி
"ஓம், பழுப்பு" என்றான்,
மணி கேட்டவனுக்கு மணி சொல்வது போல.
சிரிப்பு பாதியில் நின்றது.
ருஷ்தியின் தம்பி எட்டிப் பார்த்து
"கொஞ்சம் பழுப்புத்தான்" என்றான்.
பிறகு இன்னொருவன்.
பிறகு, பார்க்காமலே, எல்லோரும்.

அடுத்த ஒழுங்கையில் நானும் பார்த்தேன்.
எனக்கென்னவோ பச்சையாகத் தெரிந்தது.
சொல்லவில்லை.
சிவப்பு விளக்கில் பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.
நானும் அடித்தேன்.