பின்புலம்: எதுவுமில்லை

மென்பொருள் தானாகக் கொடுப்பது சாம்பல் நிறம்.
துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி ஒரு நாடு,
அதன்மேல் தலைமுடி கனத்தில் ரயில் பாதை.
நாற்பத்தொரு புள்ளிகளை இறக்கிவிட்டேன்.
புள்ளிக்கு ஒரு மோதல்.
மோதலுக்கு ஒரு துருவமான் என்று கணக்கு வைக்க முடியாது:
டிசம்பர் ஒன்பதாம் தேதிப் புள்ளிக்குள் மட்டும்
பதினேழு.

த்ரோன்ஹைம் அலுவலகத்தில் மணி நாலு.
ஜன்னலுக்கு வெளியே எப்போதோ இருட்டிவிட்டது.
திங்கட்கிழமைக்குள் பதினோராம் பக்கம் வேண்டும் என்கிறார் ஹால்வோர்.
அட்டவணை முடிந்தது. வாக்கியங்கள் முடிந்தன.
பாக்கி இருப்பது தரை.

பட்டியலைத் திறக்கிறேன். சாம்பலோடு சேர்த்து ஐந்து நிலங்கள்.

தெருப்படத்தில்
ஹோட்டல், பெட்ரோல் பங்க், ஸ்கை வாடகைக் கடை.
மான் செத்த இடத்துக்குப் பக்கத்தில்
காபிக் கோப்பைச் சின்னம் ஒன்று ஆவி விடுகிறது.
மூடினேன்.

கறுப்பில்
புள்ளிகள் உடனே நட்சத்திரங்கள் ஆகிவிட்டன.
அடடா என்று வாய்விட்டே சொன்னேன்.
எதைப் பார்த்துச் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.
அழகாக இருந்ததற்காகவே அதையும் மூடினேன்.

மேடுபள்ளப் படத்தில்
மலைகள் வரிசையாக வெயில் காய்கின்றன.
டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்குக்கும்
பொறுப்பாக நிழல் போட்டிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள்.
இதுதான் உண்மை என்று நினைத்தேன்.
பச்சை. ஏரி நீலம். பேருக்குக்கூட மேகம் இல்லை.
பல கோடைகளிலிருந்து
நல்ல நல்ல நண்பகல்களாகப் பொறுக்கி
யாரோ ஒட்டுப்போட்டுத் தைத்த பூமி.
நாற்பத்தொன்றும் அதில்
மேய்ந்து களைத்துப் படுத்தவை போலக் கிடந்தன.
ஒன்று ஏரிக்கு நடுவில் கிடந்தது.
(எண்ணில் ஓர் இலக்கம் தடம் புரண்டிருக்கிறது,
விரல் விறைத்த யாரோ தட்டியது.)

அந்த ஏரிப் புள்ளியைக் கேட்கத்தான் ஆன்டாவை வீடியோவில் அழைத்தேன்.
பதினேழில் பதினொன்று அவருடைய காதுக்குறி.
சமையலறையில் உட்கார்ந்து
சுருக்குக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
திரையைக் காட்டினேன், ஐந்தையும்.
"இதில் பனி எதில் இருக்கிறது, தோருன்?"

மறுபடி ஒருமுறை ஐந்தையும் புரட்டினேன்.
நிலம் ஐந்து கொடுத்தவர்கள்
பொழுது ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

"பிப்ரவரியில் அந்த ஏரி இல்லை. ஆறு இல்லை.
வயிறு வரைக்கும் பனி.
நடக்கிற மாதிரி ஒரே ஒரு வழி,
உங்கள் ஆட்கள் எந்திரம் விட்டு வழித்து வைப்பது.
சமதளம். நேர்கோடு.
யாராக இருந்தாலும் அதில்தான் நடப்பார்கள்."
முடிச்சைப் பல்லால் இழுத்துவிட்டு,
"நீயாக இருந்தாலும்."

ஏரிப் புள்ளியைக் கேட்க மறந்துவிட்டேன்.

பட்டியலின் அடியில், ஐந்துக்கும் கீழே,
மங்கிய எழுத்தில் ஒன்று இருந்தது:
எதுவுமில்லை.
அழுத்தினேன்.
பின்புலம் தேர்வு செய்யப்படவில்லை என்று மஞ்சளாக எச்சரித்தது.
நாடு போயிற்று.
எல்லைக்கோடு, ஒரே மலைக்கு
நோர்வே மொழியில் ஒன்றும் ஸாமி மொழியில் ஒன்றுமாக
முட்டிக்கொண்டிருந்த பெயர்கள்,
காபிக் கோப்பை.
வெள்ளை.
விளிம்பு வரைக்கும் வெள்ளை,
குறுக்கே ஒரு கோடு, கோட்டின்மேல் நாற்பது புள்ளி,
கோட்டுக்கு வெளியே ஒன்றே ஒன்று
தப்பித்து ஓடிவிட்டது போல.
தவறுதான், தெரியும்.
அதைத் திருத்தாமல் ஓர் இரவு விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை ஹால்வோர் தாளோடு வந்து நின்றார்.
"பதினோராம் பக்கம் வெறுமையாக இருக்கிறதே.
பின்புலம் ஏறவில்லையா?"

"ஏறியிருக்கிறது," என்றேன்.
"வயிறு வரைக்கும்."