டிக்கெட்டில் பழைய பெயர்

நிறைமதி, கோபப்படாமல் கேள்.
டிக்கெட்டில் பழைய பெயரே இருக்கட்டும்.
பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அது,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
உன் அப்பாவின் இனிஷியலையும்
இந்த ஒரு முறை சுமந்துவிடு.
மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்
படத்தைப் பார்ப்பார், உன்னைப் பார்ப்பார்,
மறுபடி படத்தைப் பார்ப்பார்.
டாக்டரின் கடிதத்தை
அவர் கேட்கும் முன் நீட்டாதே.
கேட்டபின் தேடாதே.

மாத்திரையை டாக்டர் குறித்த தேதியில் நிறுத்து.
அந்த வாரங்களில் உடம்பு
காலிசெய்த வீட்டுக்கே திரும்பிப் போகிறது
என்று தோன்றும். பவுனு கண்ணாடியைத்
துணி போட்டு மூடிவைத்திருந்தாள்.
சிகரெட் அதற்கும் முன்பே.
மொட்டைமாடிக்குப் போய் ஒன்று பிடிப்பாய்,
எனக்குத் தெரியும். வேண்டாம், புண் ஆறாது.

பாண்டி பஜாரில் மூன்று பருத்தி நைட்டி வாங்கு,
முன்பக்கம் திறப்பது, அடர்ந்த நிறம்.
காற்றடைக்கும் வளையத் தலையணை
மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.
"யாருக்கும்மா மூலம்?" என்று கேட்டார் கடைக்காரர்.
எனக்குத்தான் என்றேன்,
மூன்று வருடத்தில் மூன்று முறை.
பாவம், கடைசி முறை
கருணைக்கிழங்கு சாப்பிடச் சொன்னார்.

பருப்புப்பொடி போதும். ஊறுகாய் கூடாது.
மும்தாஜின் ரிப்போர்ட்டுகளில்
இன்றைக்கும் மாவடு வாசனை.

பணம் கட்டிய வங்கிச் சீட்டை அச்செடுத்து வை.
போனில் சார்ஜ் தீர்ந்த நேரம் பார்த்துத்தான்
கேட்பார்கள்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ
ஓர் அழுகை வரும்.
தப்பு செய்துவிட்டோம் என்று அதற்குப் பொருள் வைக்காதே.
வலிக்கிறது, கஞ்சியில் உப்பில்லை,
சன்னலுக்கு வெளியே இருப்பது கோடம்பாக்கம் இல்லை,
அவ்வளவுதான்.
அன்றைக்கு அண்ணனைக் கூப்பிடாதே.
என்னைக் கூப்பிடு.
அங்கே இரவு இரண்டு என்றால் இங்கே பன்னிரண்டரை.
விழித்திருப்பேன்.

திரும்பும்போது சக்கர நாற்காலி,
இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவை.
நடப்பேன் என்று வீம்பு பிடிக்காதே.
முழங்கால்வரை இறுக்கும் காலுறை போட்டுக்கொள்.
டைலேட்டர்களைச் சூட்கேஸில் போடாதே,
பெட்டி தொலைந்தால் நாள் தவறிவிடும்.
கைப்பையில் வை.
திறக்கச் சொன்னால் திற.
மருத்துவக் கருவி என்று
அரிசி விலை சொல்வதுபோலச் சொல்.
தாட்சாயணி மெழுகுவர்த்தி என்று சொல்லிவிட்டு
நாற்பது நிமிடம் நின்றாள்.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்கிறாய்.
படிவத்தில் 'உடன் வருபவர்' என்றொரு கட்டம் உண்டு.
மூன்று முறையும் அதில்தான் என் கையெழுத்து.
முதல் முறை எனக்கு ரத்த அழுத்தம்.
அடுத்தது, அம்மாவின் டயாலிசிஸ் செலவு.
மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை,
நானும் காரணம் தேடவில்லை.
அறுவை அறைக்கு வெளியே ஒரு பச்சை நாற்காலி,
இடது கை ஆடும்.
அதில் எப்படிச் சாய்ந்தால் முதுகு வலிக்காது என்பதை
அமலோற்பவத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.
அவளுக்கு ஆங்கிலம் வராது.
ஆனால் தூங்கமாட்டாள்.

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ.
சூளைமேட்டு மாடிப்படி உனக்கு உடனே ஆகாது,
கீழ்வீட்டில் ஒரு மாதம் இடம் கேட்டிருக்கிறேன்.
கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன்.
ஓனரம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே
முழுதாகக் கேட்டாள்.
"நிறைமதிதானே? எனக்குத் தெரியாதா,
எதுக்கு இத்தனை கதை" என்றாள்.
கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்தினாள்.
தினம் ரசம் தருவாளாம்.

மிளகு அள்ளிப் போடுகிற கை அது.
போவதற்கு முன்
நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு.