புள்ளி வைக்காத இடம்

கட்டுவனில் தூர்ந்த கிணற்றை இறைத்த மறுநாள்
பதினெட்டடியில் பொளிந்தெடுத்த கல் ஒன்றை
உரப்பையில் சுற்றிக் கொண்டுவந்து
ஆய்வுகூட மேசையில் வைத்தார் யோகரட்ணம்.
"உள்ளுக்க காசு காசாக் கிடக்கு, பாருங்கோ."

காசில்லை.
ஒரேயொரு கலத்தாலான உயிர்.
தட்டை, வட்டம், பயற்றம்பருப்பின் அகலம்.
இரண்டு கோடி வருடத்துக்கு முந்தி
முழங்காலளவு வெதுவெதுத்த கடலில்
புல்லில் ஒட்டிக் கிடந்தது.
பெயர் நீளம். என் நாக்கில் இன்னும் அது
முழுசாய்ப் புரண்டதில்லை.

என் வேலை புள்ளி வைப்பது.
சுவரில் ஐந்து வரைபடம், காலத்துக்கு ஒன்று.
மூத்ததில் இரண்டே புள்ளி,
பெருவிரலால் மூடிவிடலாம்.
அடுத்ததில் ஒன்பது.
நடுப்படத்தில் கொல்லத்துக் கரை, கச்சு, யாவா,
நாங்கள் குடிக்கும் தண்ணீரின் அடிக்கல்.
பிறகு ஒடுக்கம்.
கடைசியில் ஒரு புள்ளி,
அதற்கும் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி.

பரவியதும் ஒடுங்கியதும்
அதற்குத் தெரிந்திருக்காது.
எந்தக் கரையில் இருந்ததோ
அந்தக் கரையில் மட்டும்தான் இருந்தது, ஒவ்வொன்றும்.
கடல் வற்றி ஒரு பக்கம் போனபோது
மறுபக்கத்துக்கு யார் சொல்லி அனுப்பினார்கள்?

யோகரட்ணம் வலிகாமம் வடக்கில் விரல் வைத்தார்.
"இதில ஏன் ஒண்டையும் காணேல்ல?
அங்க இருக்கேல்லையோ?"

இருந்திருக்கும்.
இருபத்தேழு வருடம் கம்பிவேலி.
உளி போகவில்லை, கல் வரவில்லை.
வாழாத இடத்துக்கும் தோண்டாத இடத்துக்கும்
இந்தக் கடதாசியில் ஒரே வெள்ளைதான்.

"அப்ப நாங்கள் மல்லாகத்தில
கொட்டிலுக்க கிடந்த காலம் முழுக்க
கட்டுவனில ஆக்கள் அழிஞ்சுபோச்செண்டு
எழுதுவியளோ?"

சிரித்தபடிதான் கேட்டார்.
நான் பென்சிலைச் சீவினேன்,
தேவைக்கு மேல் சீவினேன்.
ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கொரு சொல் இருக்கிறது:
மாதிரிப் பற்றாக்குறை.
அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நடுப்படத்தில் புதுப்புள்ளி வைத்தேன்.
எவ்வளவு கூராக்கியும்
அந்த அளவுத்திட்டத்தில் அது
கட்டுவனையும் வசாவிளானையும் மயிலிட்டியையும்
அப்பால் கடலில் கொஞ்சத்தையும்
சேர்த்தே மூடிவிட்டது.

"என்ர கிணறு எது?" என்றார்,
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு.