காற்று போகும்வரை

லூமுட்டில் கயிறு அவிழ்த்தபோது மணி ஐந்தரை.
நாற்பது வயதுப் படகு,
வெள்ளைச் சாயம் வெடித்தது,
முப்பத்தோராயிரம் வெள்ளி.
என் கணவர் பரஞ்சோதியின் சேமநிதி
தண்ணீரில் மிதப்பதை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பின்பக்கம் பாதி உரிந்த எழுத்தில் ஒரு பெயர்:
ப்ரூடென்ஸ்.
என்ன அர்த்தம் என்றேன்.
முன்யோசனை என்றான் தம்பி குலசேகரன்.
செம்பிலான் தீவுகள் ஒன்பதையும் தாண்டும்வரை
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
பிறகு அலை வந்தது.
தம்பி கம்பியைக் கட்டிக்கொண்டு
காலையில் தின்ற நாசி லெமாக்கை
நெத்திலி நெத்திலியாகக்
கடலுக்கே திருப்பிக் கொடுத்தான்.

விற்ற ஆஸ்திரேலியக்காரர் சொன்னது:
அலுங்காமல் ஓட்டுங்கள்.
சொல்லாதது:
டீசல் டாங்கியின் அடியில்
எத்தனை வருடக் கசடு என்று.
அலுங்கியது.
கசடு எழுந்தது.
ஒன்பது மணிக்கு இன்ஜின் இரண்டு தரம் இருமி
நின்றது.

எங்கள் ஊரில் எண்ணெய் மில்
ராத்திரியிலும் ஓயாது.
இப்படி ஒரு அமைதியை
நான் கேட்டதே இல்லை.
படகு பக்கவாட்டில் திரும்பிப்
படுத்து எழுந்து படுத்தது.
அலமாரி தானாகத் திறந்தது.
யாரோ வெள்ளைக்காரி வாங்கிய கோப்பைகள்
ஒவ்வொன்றாக இறங்கி வந்து
உடைந்தன.

பரஞ்சோதி பலகையைத் தூக்கினார்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
உள்ளே இறங்கினார்.
வாங்கும்போதே சொன்னார்,
நான் நம்பவில்லை:
செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டருக்கும் இதற்கும்
ஒரே இன்ஜின்.
முப்பது வருடம் மில்லில் ஃபிட்டர்,
வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்காத மனிதர்,
இருட்டில் அந்தக் கைகள்
எதையும் தேடவில்லை.

இங்கே விரலை வை, என்றார்.
அந்தச் சின்ன நெம்பை
கட்டைவிரலால் அடி.
அடித்தேன்.
நட்டின் ஓரத்தில் நுரை வந்தது.
நுரை என்றால் காற்று,
காற்று போகும்வரை அடி.
எவ்வளவு நேரம் என்றேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
நுரை சுருங்கி, குமிழியாகி, ஒற்றைக் குமிழியாகி,
சட்டென்று
தெளிந்த டீசல் என் மணிக்கட்டு வழியே ஓடியது.
இறுக்கினார்.
தம்பியைக் கூப்பிட்டு, சாவியைத் திருப்பு என்றார்.

மூன்று தடவை நின்றது,
மூன்று ஃபில்டர்.
மூன்றாவது தடவை
அவர் சொல்லாமலே கீழே இறங்கினேன்.

ஒன்றரைக்குள் வா,
அப்புறம் தண்ணீர் இருக்காது, என்று
ரொஸ்லான் போனில் சொல்லியிருந்தான்.
பெர்னாம் ஆற்றின் வாயை அடைந்தபோது மணி மூன்று.
தட்டியதுகூடத் தெரியவில்லை.
வெண்ணெயில் கத்தி மாதிரி
சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது
முன்யோசனை.

தண்ணீர் எங்களை விட்டுவிட்டுப் போனது.
சேற்று மீன்கள் வந்து கண்ணை உருட்டிப் பார்த்தன.
சாய்ந்த தரையில் குந்தி
புளியோதரையைப் பிரித்தோம்.
தம்பி இரண்டு பங்கு தின்றான்.
காற்று திரும்பியபோது
உள்ளேயிருந்து அந்த வாடை வந்தது:
வெந்த செம்பனை, புகை, புளித்த கழிவு.
சனிக்கிழமைதோறும்
இவர் சட்டையிலிருந்து நான் அடித்துத் துவைத்த வாடை.
ஊத்தான் மெலிந்தாங் அந்தப் பக்கம், என்று
கை நீட்டினேன்.
கடலிலிருந்து பத்து மைலுக்குள் பிறந்தவள்;
என் ஊரை இந்தப் பக்கமிருந்து
ஒரு நாளும் பார்த்ததில்லை.

பத்து மணிக்குத் தண்ணீர் தூக்கியது.
ரொஸ்லானின் விளக்கு முன்னால்,
நாங்கள் அதன் பின்னால்,
இரண்டு பக்கமும் கரை இருக்கிறது என்ற
நம்பிக்கையில் மட்டும்.
சீனக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஜெட்டியில்
காவல்காரர் எழுந்து வந்தார்.
என்ன இது, என்றார்.
டிராக்டர், என்றார் பரஞ்சோதி.

பெயரை மாற்ற வேண்டும் என்கிறான் தம்பி,
அம்மன் பெயராக ஏதாவது.
இருக்கட்டும் என்றேன்.
பள்ளி கேண்டீனில் மாவு பிசையும்போது
கட்டைவிரல் இன்னும் எரிகிறது.
ஞாயிற்றுக்கிழமைக்குள்
ஆறு ஃபில்டராவது வாங்கிவைக்க வேண்டும்.